முன்னால் போனவள்

பெட்டியின் கைப்பிடி சூடாக இருந்தது.

விமான நிலையத்தில் சாமான்கள் சுற்றி வரும் பட்டையின் முன்னால் அவள் கால் மணி நேரம் நின்றிருந்தாள். கூட வந்தவர்கள் எல்லோரும் அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் கேட்பாரில்லாமல் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பெட்டி வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது என்ற யோசனையோடு திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. பின்னால், தூணோரம், அவளுடைய நீலப் பெட்டியும் காது சோதிக்கும் கருவி வைத்திருந்த கறுப்புப் பெட்டியும் ஜோடியாக நின்றுகொண்டிருந்தன. யாரோ இறக்கி, சக்கரங்களை நேராக்கி, கைப்பிடியை மேலே இழுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போய்ப் பிடித்தாள். இவ்வளவு நேரமும் ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்து இந்த நொடியில்தான் விட்டதுபோல் அதில் உள்ளங்கைச் சூடு இருந்தது. கொஞ்சம் ஈரமும்.

துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் சுற்றும்முற்றும் பார்த்திருப்பார்கள். அவள் பார்க்கவில்லை. இருபத்து மூன்று நாளாக எதுவும் அவளிடம் வந்து சேர்வதில்லை.

அவளுக்கு வேலை ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில். பஞ்சு பதித்த சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். குழந்தைகள் அவளை 'பீப் ஆன்ட்டி' என்றார்கள். பத்தொன்பது வருடம். யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இப்போது அவளே அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெளியே யார் யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் கை எழும்பவே இல்லை.

அவள் கணவர் இறந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள், யார் யாருக்குச் சர்க்கரை கூடாது என்பதைக்கூட மறக்கவில்லை. அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று நாத்தனார் கூடத்தில் சொன்னது சமையலறைக்குக் கேட்டது. அதுகூடப் பரவாயில்லை. கல்லூரி விடுதியிலிருந்து ஓடி வந்த மகள், குட்டி, ஒன்பதாம் நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டாள்.

"ஒரு சொட்டு கூடவா வரல? நீ மனுஷிதானாம்மா?"

அதற்குப் பிறகு மகள் போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் இரண்டு நாள் கழித்து 'ம்' என்று ஓர் எழுத்து வரும்.

புதுக் கருவி ஒன்றைக் கையாள மூன்று நாள் பயிற்சி என்று மருத்துவமனையில் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லாததால் வந்திருந்தாள். பயிற்சி நடத்துகிறவர்கள் அனுப்பிய தாளில், விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போக மூன்று வழி போட்டிருந்தது. ஓட்டல் வேன். தரைக்கு அடியில் ஓடும் ரயில். டாக்சி. அவள் கூடத்தின் நடுவில் நின்று அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர்கள் வீட்டில் பெட்டி அவள் பாடு, வழி அவர் பாடு. எந்த ஊருக்குப் போனாலும் அவர் இரண்டு நாள் முன்பே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வண்டியில் போனால் படி ஏற வேண்டாம், அந்த வண்டியில் போனால் ஜன்னல் கிடைக்கும் என்று பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பார். பெட்டிகளோடு ஒரு கதவைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளே முடிவு செய்வது இதுதான் முதல் தடவை.

வேன் என்று முடிவு செய்தாள். அதில் முடிவு செய்ய எதுவும் இல்லை, அதனால்.

வெளியே மழை. மணி ஐந்து பத்துதான், அதற்குள் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். கூரைக்கு அடியில் வெள்ளை வேன் ஒன்று இன்ஜின் ஓட நின்றிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த தொப்பைக்கார டிரைவர், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பெயர்ப் பட்டியலை மழைச்சாரலில் நனையாமல் அணைத்துப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன மேடம், திரும்பி வந்துட்டீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

"நான் இப்பத்தான் வரேன்."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்பதுபோல் பார்த்தார். "நாலு பத்துக்கு முதல் நடையில நான்தானே கொண்டுபோய் விட்டேன். இதே நீலப் பெட்டி, இந்தக் கறுப்புப் பெட்டி. நானேதான் தூக்கி வச்சேன். ஓட்டல்ல இறக்கி விட்டுட்டு இப்பத்தான் வந்து நிறுத்துறேன்."

"வேற யாராவது இருக்கும்."

டிரைவர் பட்டியலை நீட்டினார். அவள் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தை முடித்த பிறகு அடியில் ஒரு சின்னக் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பது அவள் பழக்கம். கோடு இருந்தது. புள்ளியும் இருந்தது. அந்த இடத்தில் தாள் நனைந்து மை ஊறிப்போயிருந்தது.

ஒரே மாதிரி உலகத்தில் ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்வதுண்டு. அந்த ஏழு பேருக்கும் கையெழுத்து ஒன்றாக இருக்குமா என்று யாரும் சொன்னதில்லை. அவள் அதை நினைத்தாள், நினைத்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"ஏறுங்க மேடம், அடுத்த நடையில போயிடலாம்" என்று டிரைவர் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பக் கொஞ்சம் பரவால்லையா? வழி பூரா அப்படி அழுதுகிட்டு வந்தீங்க. எனக்கே மனசு கேக்கல."

ஜன்னலோரம் மூன்றாவது இருக்கையின் மெத்தை முழுக்கக் கருத்து நனைந்திருந்தது. அதிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் மூடியே இருந்தது.

அவள் ஏறவில்லை.

ரயிலுக்குப் போகும் வழி கட்டடத்துக்கு அடியில் இறங்கியது. இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு படியில் இறங்குவது முட்டாள்தனம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குப் பாதிப் படியில்தான் தெரிந்தது. நீலப் பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு இறங்கியது. கீழேயிருந்து இரும்பும் பழைய காற்றும் கலந்த வாடை மேலே வந்தது, எங்கோ ஒரு மின்விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், மூக்கை உறிஞ்சுவது போல, விட்டு விட்டு. அவள் நின்றாள். அது தண்ணீர்க் குழாய். குழாயாகத்தான் இருக்க வேண்டும்.

கீழே, நுழைவாயிலில் சீருடைக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளைக் கண்டதும் ஓடி வந்து கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, மறுபடி ஏன் படியில இறங்கி வரீங்க? லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்குன்னு அப்பவே காட்டினேனே."

அவள் சீருடைக்காரியின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும் முகம் இல்லை.

"எப்ப காட்டினீங்க?"

"நாலு பத்து வண்டிக்கு. நான்தானே உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் ஏத்தி விட்டேன். ஒருத்தர்கிட்ட கேட்டு உட்கார இடம் வாங்கிக் குடுத்தேன். ஞாபகம் இல்லையா?"

நாலு பத்துக்கு அவள் மேகத்துக்கு மேலே இருந்தாள். விமானம் தரை தொட்டது நாலு நாற்பதுக்கு. நாலு பத்துக்கு இடது கைப் பக்கத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதே நாலு பத்துக்கு அவள் வேனிலும் போயிருக்கிறாள், ரயிலிலும் போயிருக்கிறாள்.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டது.

"நான் என்ன சொல்லி அழுதேன்?"

சீருடைக்காரி தயங்கினாள். "உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான். அவர் வாசல்ல உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தாராம். நீங்க அடுப்படியில இருந்து, 'கிழவன் மாதிரி எவ்வளவு நேரம், சீக்கிரம் போய்த் தொலைங்க'ன்னு கத்தினீங்களாம். அதான் கடைசியா சொன்னதுன்னு சொல்லிச் சொல்லி அழுதீங்க. எல்லார் வீட்டுலயும் சொல்ற வார்த்தைதான்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

மின்விசிறியின் இரைச்சல் நின்றது போலிருந்தது.

அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் இல்லை, மகளிடம் இல்லை, ராத்திரி இருட்டில் தன்னிடம்கூட அவள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில் அப்போது அவரையும் அவளையும் தவிர ஆள் கிடையாது. அவர் அதைக் கேட்டாரா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அவளுக்குள் அசைந்தது. துக்கம் இல்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்து, நம் அலமாரியைத் திறந்து, நாம் துணிக்கு அடியில் ஒளித்து வைத்ததை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறான் என்று தெரியும்போது வரும் நடுக்கம்.

"பெட்டியைக் குடுங்க" என்றாள்.

"எங்கக்கா போறீங்க? அடுத்த வண்டி வருது..."

சுரங்கப்பாதைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. அவள் லிஃப்டைத் தேடி ஓடினாள்.

டாக்சி வரிசைக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் ஓட்டலின் பெயரையும் போன் எண்ணையும் சொன்னாள். அவர் தட்டச்சு செய்தார். திரையைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதே நம்பர்ல, இதே ஓட்டலுக்கு ஏற்கெனவே ஒரு வண்டி போட்டிருக்கே."

"எத்தனை மணிக்கு?"

"நாலு பத்து. போய்ச் சேர்ந்தாச்சுன்னு காட்டுது."

மூன்று வழி. மூன்றிலும் அவள் போய்விட்டாள்.

"இன்னொன்னு போடுங்க" என்றாள்.

திரும்பிப் போயிருக்கலாம். அடுத்த விமானத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு கூடத்திலேயே, வெளிச்சத்தில், ஆட்கள் நடுவே உட்கார்ந்திருக்கலாம். அவர் இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுடையது. அதை இன்னொரு வாய் சொல்லிக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறது என்று தெரிந்த பிறகு எப்படிப் போவது.

டாக்சிக்காரர் வயதானவர், பேச்சில்லாதவர். பெட்டிகளைப் பின்னால் அடுக்கிவிட்டுக் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். அவளை முன்பே பார்த்த அடையாளம் எதுவும் அவர் கண்ணில் இல்லை. அதுவே ஆறுதலாக இருந்தது. வண்டி நகர்ந்தது. மழைத் துடைப்பான்கள் இரண்டும் கண்ணாடியில் மாறி மாறி முனகின, ஈரச் சாலையில் சக்கரங்கள் துணி கிழிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டு போயின, எதிர் வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் மழையில் கரைந்து ஜன்னல் வழியே அவள் மடியில் விழுந்து நகர்ந்து மறைந்தன. இருக்கை காய்ந்திருக்கிறதா என்று அவள் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். காய்ந்துதான் இருந்தது. இன்னொரு முறையும் தடவினாள்.

விமானத்தில் அணைத்த போனை அப்போதுதான் உயிர்ப்பித்தாள். மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஓர் எழுத்து இல்லை. நீளமாக.

'அம்மா, இவ்வளவு நாளும் நீ இதையெல்லாம் உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியா. நீ அப்படி அழுது நான் கேட்டதே இல்லம்மா. நான் பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுடு. ஆறு மணிக்கு வீடியோல வரேன். உன் முகத்தைப் பாக்கணும் போல இருக்கு.'

அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அவள் எண்ணிலிருந்து மகளுக்கு ஓர் அழைப்பு. நாலரைக்கு. நாற்பத்தோரு நிமிடம்.

அந்த நாற்பத்தோரு நிமிடமும் இந்தப் போன் அணைந்து அவள் கைப்பைக்குள் கிடந்தது.

மகளைக் கூப்பிட்டாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது இயந்திரக் குரல். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே குரல். மணி ஆறு ஆகியிருந்தது.

'அழுதது நான் இல்ல' என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. இதைப் படித்தால் குட்டி என்ன நினைப்பாள்? இத்தனை நாள் கழித்து அம்மா என்று ஒருத்தி கிடைத்தாளே என்று நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், அவள் அம்மா இல்லை, நான்தான், இன்னும் ஒரு சொட்டுகூட வராத நான்தான் என்றா சொல்வது? எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து முடித்தபோது, அந்த இன்னொருத்தியே பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் உண்மையாகவே தோன்றியது. வலிக்காமல் தோன்றியது. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கொஞ்சம் வேகமா போக முடியுமா?" என்றாள்.

"மழைம்மா" என்றார் டாக்சிக்காரர்.

ஓட்டல் பதினோரு மாடி. முன்கூடத்தில் பளிங்குத் தரை, தணிவான இசை, கண்ணாடிக் குடுவையில் மிட்டாய். வரவேற்பு மேசையில் கொண்டை போட்ட இளம்பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் தொழில்முறைச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"மேடம்... நீங்க எப்ப வெளிய போனீங்க? இப்பத்தானே ரூம்ல இருந்து கூப்பிட்டு இன்னும் துண்டு வேணும்னு கேட்டீங்க."

"துண்டா?"

"ஆறாவது தடவை மேடம்." சொன்னது மரியாதைக் குறைவாகிவிட்டதோ என்று உடனே சேர்த்துக்கொண்டாள். "எத்தனை வேணும்னாலும் அனுப்பறோம், அதுல ஒண்ணும் இல்ல."

"சாவியை உள்ளேயே விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. பொய்யா அது என்றும் தெரியவில்லை. கொண்டைக்காரி கேள்வி கேட்காமல் இன்னொரு அட்டையை எடுத்து நீட்டினாள். அறுநூற்றுப் பதினாலு.

லிஃப்டில் அவள் மட்டும்தான். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மணி அடித்தது. காதுக்குப் பழக்கமான சுருதி; நொடிக்கு ஆயிரம் அதிர்வு இருக்கும், அவள் தினமும் அழுத்தும் பொத்தான்களில் முதல் பொத்தான். நாலு. ஐந்து. ஆறு.

கதவு திறந்ததும் வாடை வந்தது. உப்பு வாடை. கடல் பக்கத்தில் எங்கும் இல்லை.

நடைபாதை நீளமாக, மங்கலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகளோடு கிடந்தது. துப்புரவுப் பெண் ஒருத்தி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு எதிரே வந்தாள். வண்டி நிறைய வெள்ளைத் துண்டுகள், பிழிந்து போட்டது போலச் சுருண்டு, கனத்து. வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கடந்து போனாள். போகும்போது அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது.

செருப்பு கம்பளத்தில் புதைந்தது. அழுத்தினால் ஓரத்தில் தண்ணீர் ஊறியது. பெட்டிச் சக்கரங்கள் உருளவில்லை. இழுத்தாள்.

அறுநூற்றுப் பத்து.

அறுநூற்றுப் பன்னிரண்டு.

குரல் கேட்டது.

தன் குரலைப் பதிவு செய்து கேட்டவர்களுக்குத் தெரியும், அது தன் குரலாகவே இருக்காது. வேலைக்காக அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். மெல்லியதாக, மூக்கால் பேசுவது போல, யாரோ ஓர் அந்நியப் பெண்ணின் குரலாக இருக்கும். கதவுக்குப் பின்னால் கேட்டது அந்தக் குரல்தான். மற்றவர்கள் கேட்கும் அவள் குரல். அழுது அழுது கரகரத்துப் போன குரல். நடுநடுவே சின்னதாக, போனுக்குள்ளிருந்து, குட்டியின் குரல்.

அட்டையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு சத்தமில்லாமல் உள்ளே போனது.

ஒரே ஒரு மேசை விளக்கு. கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த கூந்தல். சுவரோரம் நீலப் பெட்டி, கறுப்புப் பெட்டி. மெத்தை கருத்து நனைந்திருந்தது. அவள் முழங்கையிலிருந்து சொட்டியது. விரல் நுனியிலிருந்து சொட்டியது. எங்கும் சொட்டும் சத்தம்.

எதிரே, விளக்கில் சாய்த்து வைத்த போன். திரை முழுக்கக் குட்டியின் முகம். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"இப்பத்தாம்மா நீ என் அம்மா மாதிரி இருக்க" என்றாள் குட்டி.

"உங்கப்பா இருந்திருந்தா திட்டியிருப்பாருடி, இப்படி அழுமூஞ்சியா உட்கார்ந்திருக்கியேன்னு" என்றது அந்தக் குரல். இருவரும் சிரித்தார்கள். இருவரும் அழுதார்கள்.

வாசலில் நின்றவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. குட்டி, இங்க பாரு. நான் இங்க இருக்கேன்.

வரவில்லை. வாய் திறந்தது. அவ்வளவுதான்.

திரையில் குட்டியின் சிரிப்பு மெல்ல நின்றது. கண்கள் நகர்ந்தன. அம்மாவின் தோளைத் தாண்டி.

"அம்மா... கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க."

உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. "யாரும் இல்லடா."

"இல்லம்மா. நிக்குது." குரல் உடைந்தது. "அது கண்ணையே சிமிட்டல. அம்மா, அது உன்னை மாதிரியே இருக்கு. அம்மா!"

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் அந்த அறை தெரிந்தது. முன்னால், அழுது சிவந்து வீங்கிய அவள் முகம். பின்னால், கதவின் இருட்டில், இரண்டு பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஒன்று நின்றது. ஒரு சுருக்கம் இல்லாத முகம். மெழுகு. வாய் மட்டும் திறந்து.

கண்ணை மூடப் பார்த்தாள். மூடவில்லை.

கட்டிலில் இருந்தவள் எழுந்தாள். நிதானமாக நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கம்பளம் தண்ணீரை உமிழ்ந்தது. முகத்துக்கு முகம் நின்றாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. நிற்காமல் வழிந்துகொண்டிருந்த அந்தக் கண்களில் இருந்தது இரக்கம். வாசலில் வந்து நிற்கும் சீக்கு வந்த நாயைப் பார்க்கும் இரக்கம்.

"பாவம்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

சங்கிலி விழுந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே குட்டி தேம்பிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு."

"கதவை நல்லாப் பூட்டிக்கம்மா. ப்ளீஸ். எந்தச் சத்தம் கேட்டாலும் திறக்காத."

"திறக்க மாட்டேன்டா."

அவள் நின்றாள். கைகள் பெட்டிகளை விடவில்லை. விடச் சொன்னாள், விரல்கள் கேட்கவில்லை. கம்பளத்துக்கு அடியிலிருந்து ஈரம் அவள் பாதத்தைச் சுற்றி ஏறியது. குளிரவில்லை. எதுவும் இல்லை.

கதவின் நடுவில், வெளியே நிற்பவரைப் பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடித் துளை. அதில் ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தது. வெளிச்சம் மறைந்தது. உள்ளிருந்து ஒரு கண் வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது.

பிறகு அந்தத் துளையிலிருந்து, கதவின் வெளிப்பக்கமாக, ஒரு சொட்டு திரண்டு வழியத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நிற்காமல்.